46-க்கும் 48-க்கும் உறவு உண்டு: சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டொங்காட் வட்டாரங்களில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்திவரும் ஆசிரியர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஜூலை விடுமுறையில் மேட்ரிக் எனும் பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகளுக்காக உங்களில் ஒரு குழு நடத்திய வகுப்பில் ஒரு கைத்தாள் கொடுத்திருக்கிறார்கள். என் தங்கையின் பேத்தி அதைக் கொண்டுவந்து காட்டினாள். முன்பக்கம் பத்துக் குறள். தேர்ந்தெடுத்தவருக்கு நல்ல ரசனை. பின்பக்கம் பரிணாமம் பற்றி மூன்று கருத்துகள். ஒன்று: மனிதனுக்கு 46 குரோமோசோம் (செல்லுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழை), சிம்பன்சிக்கு 48, எண்ணே ஒத்துவராதபோது இருவருக்கும் ஒரே மூதாதை எப்படி? இரண்டு: குதிரையும் கழுதையும் சேர்ந்து பிறக்கும் கோவேறு கழுதை மலடு, ஆகவே குரோமோசோம் எண் மாறினால் வம்சம் அங்கேயே நின்றுவிடும். மூன்று: மச்சம், கூர்மம், வராகம் என்று தசாவதாரம் பரிணாமத்தை அன்றே சொல்லிவிட்டது.

முதல் இரண்டும் பரிணாமம் பொய் என்கின்றன. மூன்றாவது, அது மெய்தான், அதுவும் நம்முடையது என்கிறது. அச்சடிக்கும் முன் இரண்டில் எது என்றாவது முடிவு செய்திருக்கலாம்.

நான் விஞ்ஞானி இல்லை. மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் குரோமோசோம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கருத்தங்காத தாய்மார், ரத்தப் புற்று வந்தவர்கள், பிறக்கப்போகும் பிள்ளைகள் ஆகியோரின் குரோமோசோம்களை மைக்ரோஸ்கோப்பில் எண்ணி, ஜோடி சேர்த்து, வரிவரியாக ஒப்பிடுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. அதனால் இந்த எண் விஷயத்தில் மட்டும் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

எண் மாறினால் வம்சம் நின்றுவிடும் என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மனிதர்களில் ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு 45 குரோமோசோம்தான் இருக்கும். இரண்டு குரோமோசோம்கள், பெரும்பாலும் 13-ஆவதும் 14-ஆவதும், நுனியில் ஒட்டி ஒன்றாகியிருக்கும். இதை ராபர்ட்சோனியன் இணைப்பு என்போம். உள்ளே இருக்கும் சரக்கில் உடலுக்குத் தேவையான எதுவும் குறைவதில்லை. கட்டியிருக்கும் விதம்தான் வேறு. சிலருக்குக் கருச்சிதைவு கூடுதலாக நேரும், அவர்கள்தான் எங்களிடம் வருவார்கள். மற்றவர்கள் தமக்கு 45 என்று தெரியாமலே படித்து, வேலை பார்த்து, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி கண்டு போய்ச் சேருகிறார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலருக்கும் 45தான். தைப்பூசக் காவடிக்குக் கோயிலில் கூடுகிற கூட்டத்தில் இப்படிப்பட்டவர்கள் சிலராவது இருப்பார்கள். எவர் வம்சமும் நின்றுவிடவில்லை.

கோவேறு கழுதை மலடு என்பது சரிதான். குதிரைக்கு 64, கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63. ஆனால் அந்தக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மங்கோலியாவின் காட்டுக்குதிரையான பிரெசெவால்ஸ்கி குதிரைக்கு 66. அதுவும் வீட்டுக் குதிரையும் சேர்ந்தால் 65 குரோமோசோமோடு குட்டி பிறக்கும்; அந்தக் குட்டி வளர்ந்து தானும் குட்டி போடும். 63 மலடு, 65 மலடில்லை. ஒற்றைப்படை எண்தான் காரணம் என்றால் இரண்டும் மலடாக இருந்திருக்க வேண்டும். துண்டுகள் எவ்வளவு தூரம் இடம் மாறியிருக்கின்றன, இரண்டு இனமும் பிரிந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பதெல்லாம் சேர்ந்து தீர்மானிக்கிற காரியம் அது.

நம் நாட்டு வரிக்குதிரைகளையே பாருங்கள். சமவெளி வரிக்குதிரைக்கு 44, மலை வரிக்குதிரைக்கு 32. கென்யா பக்கத்துக் கிரேவி வரிக்குதிரைக்கு 46, அதாவது நம் எண்ணேதான்! எண்தான் உறவு என்றால் கிரேவி வரிக்குதிரை நமக்கு அண்ணன் தம்பி, மலை வரிக்குதிரைக்கு அந்நியன். இந்திய முண்ட்ஜாக் மானில் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7. அதே சாயலில் இருக்கும் சீன முண்ட்ஜாக்குக்கு 46. பாலூட்டிகளுக்குள்ளேயே 102 வரை போகிற ஓர் எலி அர்ஜென்டினாவில் உண்டு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1923-இல் தியோஃபிலஸ் பெயின்டர் என்பவர் மனிதனுக்கு 48 என்று எழுதினார். முப்பது வருஷத்துக்கு மேல் உலகமே 48 என்றுதான் பாடம் நடத்தியது. ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ச்சியோ, ஸ்வீடனில் ஆல்பர்ட் லெவானோடு சேர்ந்து 46 என்று 1956-இல் நிலைநாட்டினார். இந்தக் கைத்தாள் 1950-இல் அச்சாகியிருந்தால், இருவருக்கும் 48தான், ஆகவே மனிதனும் சிம்பன்சியும் உறவு என்று எழுதியிருப்பீர்களா? இல்லைதானே. அப்படியானால் எண்ணை இன்று மட்டும் ஏன் சாட்சிக்கு அழைக்கிறீர்கள்?

ஒப்பிடுகிறவர்கள் உண்மையில் பார்ப்பது எண்ணை இல்லை, எது எதன் பக்கத்தில் இருக்கிறது என்பதை. ரத்தத்தையோ காது நுனித் தோலில் ஒரு துணுக்கையோ எடுத்து, செல்களை வளரவிட்டு, அவை பிளக்கப்போகும் நேரத்தில் நிறுத்திவைப்போம். நிறுத்துவதற்குக் கொல்சிசின் வகை மருந்து. (நம் சங்கப் பாடல்களில் வரும் காந்தள் பூ இருக்கிறதே, அதன் கிழங்கில் இருப்பதும் இந்தக் கொல்சிசின்தான். நட்டால் கடற்கரைப் புதர்களிலும் அதே செங்காந்தள் பூக்கிறது.) பிறகு உப்பு குறைந்த நீரில் செல்லை உப்பவைத்து, கண்ணாடிச் சில்லில் சொட்டுவிட்டு, கீம்சா சாயம் ஏற்றினால் ஒவ்வொரு குரோமோசோமிலும் கறுப்பும் வெளுப்புமாக வரிகள் தெரியும். அந்த வரி அமைப்பு இனத்துக்கு இனம் அப்படியே வரும் இடங்களும் உண்டு, தலைகீழாகத் திரும்பிக் கிடக்கும் இடங்களும் உண்டு.

1990 முதல் இன்னொரு முறை வந்தது. மனிதனின் ஒரு குரோமோசோமை மட்டும் பிரித்தெடுத்து, அதன் டிஎன்ஏவுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, வேறொரு விலங்கின் குரோமோசோம்கள்மீது விடுவது. ஒத்த வரிசை எங்கே இருக்கிறதோ அங்கே போய் ஒட்டி மினுங்கும். இப்போதோ முழு மரபணுத் தொகுதியையே எழுத்தெழுத்தாக வாசித்துக் கணினியில் ஒப்பிடுகிறார்கள். 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 32 இனங்களை அப்படி வைத்துப் பார்த்தார்கள். 1,215 துண்டுகள் எல்லா இனத்திலும் ஒரே குரோமோசோமுக்குள் ஒரே வரிசையில் கிடந்தன. அதிலிருந்து, சுமார் 18 கோடி ஆண்டுக்கு முன் வாழ்ந்த பாலூட்டிகளின் பொது மூதாதைக்கு 19 ஜோடியும், ஆண் பெண் என்று தீர்மானிக்கும் பால் குரோமோசோம்களும் இருந்திருக்கும் என்று கணித்தார்கள்.

தமிழாசிரியர்களாகிய உங்களுக்கு இந்தத் தர்க்கம் புதிதே இல்லை. உ.வே.சா. 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல இடத்துச் சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டார். ஒரு சுவடியில் எத்தனை ஏடு என்று எண்ணிப் பார்த்து எது எதன் பிரதி என்று யாராவது சொல்வார்களா? நீளமான ஓலையில் எழுதினால் ஏடு குறையும், அவ்வளவுதான். ஆனால் இரண்டு ஊர்ச் சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே ஏடு முன்பின்னாக மாறிக் கோக்கப்பட்டிருந்தால், அவை இரண்டும் அப்படி மாறிக் கிடந்த ஒரு தாய்ச்சுவடியைப் பார்த்து எழுதப்பட்டவை என்று ஊகிப்போம். குரோமோசோம் ஒப்பீட்டில் நடப்பதும் இதேதான். பொதுவாக இருக்கும் நல்ல பாடத்தைவிட, பொதுவாக இருக்கும் விசித்திரமான மாறுதல்தான் உறவை உறுதியாகச் சொல்லும்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். மனிதனுக்கு 46, சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் 48. ஒரு ஜோடி எங்கே போயிற்று? 1982-இல் யூனிஸ், பிரகாஷ் இருவரும் நான்கு இனத்தின் வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். மனிதனின் 2-ஆம் குரோமோசோம், மற்ற மூன்றிலும் தனித்தனியாக இருக்கும் இரண்டு குரோமோசோம்கள் நுனியோடு நுனி ஒட்டியது போல இருந்தது. வெறும் சாயல் என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் குரோமோசோமின் இரு நுனியிலும் டெலோமியர் என்ற மூடி ஒன்று உண்டு, அதில் ஆறு எழுத்து வரிசையொன்று திரும்பத் திரும்ப வரும். நுனியில் இருக்கவேண்டிய அந்த வரிசை, மனிதனின் 2-ஆம் குரோமோசோமின் நடுப்பகுதியில், ஒன்றையொன்று முட்டிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் கிடப்பதை 1991-இல் கண்டுபிடித்தார்கள். எங்கே ஒட்டியிருக்கவேண்டும் என்று வரிகள் காட்டினவோ அங்கேயே. போதாக்குறைக்கு, செல் பிளக்கும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் இடம் சென்ட்ரோமியர்; ஒரு குரோமோசோமுக்கு அது ஒன்றே இருக்கவேண்டும், இங்கே இரண்டாவது ஒன்றின் செயலிழந்த எச்சமும் இருக்கிறது. சைபீரியக் குகையில் கிடைத்த, அழிந்துபோன டெனிசோவன் மனிதரின் டிஎன்ஏவிலும் இதே ஒட்டு இருக்கிறது என்று 2012-இல் தெரிந்தது. அதாவது நாமும் அவர்களும் பிரியும் முன்பே ஒட்டிவிட்டது.

ஆகவே 46-க்கும் 48-க்கும் உள்ள வித்தியாசம் உறவுக்குத் தடை என்று நீங்கள் அச்சிட்டது, உறவுக்கு இருக்கும் மிகத் தெளிவான சாட்சிகளில் ஒன்று.

சிம்பன்சியை விடுங்கள், அதைச் சொன்னாலே சிலருக்கு முகம் சுளிக்கிறது. நம் வீட்டுப் புல்வெளிக்கு வாருங்கள். மழைக்குப் பிறகு டர்பன் தோட்டங்களில் மண் நீளவாக்கில் விரல் தடிமனுக்கு மேலெழும்பிக் கிடக்குமே, அது பெரும்பாலும் கோல்டன் மோலின் வேலை. கண் தெரியாத, மினுமினுக்கும் மயிர் கொண்ட சின்ன உருவம். ஐரோப்பிய அகழெலியைப் போலவே இருப்பதால் நெடுங்காலம் அதையும் பூச்சி தின்னும் பிராணிகளின் கூட்டத்திலேயே வைத்திருந்தார்கள். பிறகு டிஎன்ஏ ஆய்வுகள் வேறு கதை சொன்னதும், 1998-இல் அஃப்ரோதீரியா என்று ஒரு பெருங்குடும்பத்துக்குப் பெயர் சூட்டினார்கள். யானை, கடற்பசு, கேப்டவுன் டேபிள் மவுண்டனில் பாறைமேல் வெயில் காயும் முயலளவு டாஸி, கறையான் தின்னும் ஆர்ட்வார்க், நீள்மூக்கு யானை மூஞ்சூறு, கோல்டன் மோல் எல்லாம் அதில் சேர்த்தி. கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். இவற்றைப் பார்த்தால் யார் உறவென்று சொல்வார்கள்?

ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகத்தின் டெரன்ஸ் ராபின்சனும் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களும் இவற்றின் குரோமோசோம்கள்மீது சாயம் விட்டுப் பார்த்தார்கள். எண்ணைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது: யானைக்கு 56, டாஸிக்கு 54, நம் கோல்டன் மோலுக்கு 30, ஆர்ட்வார்க்குக்கு வெறும் 20. ஆனால் 2003-இல் யானையிலும் ஆர்ட்வார்க்கிலும், 2004-இல் கோல்டன் மோலிலும் யானை மூஞ்சூற்றிலும் பார்த்தபோது, மனிதனின் 5-ஆம் குரோமோசோமுக்கு ஒத்த துண்டும் 21-க்கு ஒத்த துண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக் கிடந்தன. அதேபோல் 1-உம் 19-இன் ஒரு பகுதியும். மனிதனில் இவை தனித்தனி. குதிரையிலும் நாயிலும் இந்தச் சேர்க்கை இல்லை. ஆப்பிரிக்கா தனித் தீவுக் கண்டமாகக் கிடந்த காலத்தில் இங்கேயே பெருகிக் கிளைத்த குடும்பம் இது என்ற கருத்துக்கு இது வலு சேர்த்தது; வெளித்தோற்றம் மறைத்த உறவைக் குரோமோசோம் காட்டிக்கொடுத்துவிட்டது.

யானைமுகனும் அவன் மூஞ்சூறும் உங்களுக்கு இப்போது நினைவுக்கு வந்திருப்பார்கள். எனக்கும் வந்தார்கள். தயவுசெய்து அடுத்த கைத்தாளில் அதை எழுதிவிடாதீர்கள். பிள்ளையாரின் வாகனமான நிஜ மூஞ்சூறு இந்தக் குடும்பத்தில் சேராது; அது வௌவால், நாய், பசு இருக்கும் பக்கத்துக்குச் சொந்தம்.

பழங்கதை மட்டும்தானா என்று கேட்பீர்கள். இல்லை, இன்றும் நடக்கிறது, அதுவும் நம் மாகாணத்திலேயே. ஈரப் புல்வெளிகளில் வாழும் ஃப்லே எலியைப் பற்றி நட்டால் பல்கலைக்கழகத்தில் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே இனம் என்று நினைத்திருந்த எலிகளில் வட்டாரத்துக்கு வட்டாரம் குரோமோசோம் எண்ணும் ஒட்டும் வேறாக இருந்தன. நட்டால் எலியையும் கிழக்குக் கேப் எலியையும் இணைத்தபோது அவற்றின் கலப்புக் குட்டிகள் இனவிருத்தியில் இடர்ப்பட்டன. அந்த 1990-களின் கட்டுரைகளில் முதல் பெயராக இருப்பது நெவில் பிள்ளை, இன்று ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். பேரைக் கேட்டதும் நம்மூர்க் காது நிமிர்கிறதல்லவா? உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கும் நிமிரட்டும். பிற்காலத்தில் அந்த எலியை இரண்டு இனமாகவே பிரித்துவிட்டார்கள். இதைவிட விசித்திரம், ஐந்தாறு கிராம் எடையுள்ள குட்டிச் சுண்டெலி ஒன்று. அதன் எண் 18-இலிருந்து 36 வரை இடத்துக்கு இடம் மாறும். அதில் ஆணுக்குரிய எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் இருந்தும் பெண்ணாகப் பிறந்து, நன்றாகக் குட்டியும் போடும் எலிகள் தென்னாப்பிரிக்காவில் பிடிபட்டிருக்கின்றன. எங்கள் கூடத்தில் அப்படியொரு முடிவு வந்திருந்தால் மாதிரி மாறிவிட்டது என்று திருப்பி அனுப்பியிருப்போம்.

குரோமோசோம் எல்லாவற்றையும் தீர்த்துவைத்துவிட்டது என்று சொல்லவில்லை. சில இடங்கள் எளிதில் உடையும், ஆகவே உறவே இல்லாத இரண்டு இனத்தில் ஒரே இடம் தனித்தனியாக உடைந்திருக்கலாம். இரண்டு இனம் பகிர்ந்துகொள்ளும் ஒரு சேர்க்கை புதிதாக வந்ததா, எல்லோருக்கும் மூத்த மூதாதையிடமே இருந்ததை மற்றவர்கள் இழந்தார்களா என்பதையும் பார்க்கவேண்டும். அதற்குத்தான் வயிற்றில் பையுள்ள ஒபோசத்தையும் கோழியையும்கூட ஒப்பீட்டில் சேர்க்கிறார்கள். பாலூட்டி மரத்தின் அடியில் எந்தக் கிளை முதலில் பிரிந்தது என்ற சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. பிள்ளைகளுக்கு இந்தச் சந்தேகங்களையும் சொல்லிக்கொடுங்கள். ஆராய்ச்சிக்காரர்களே ஒருவரோடொருவர் மல்லுக்கட்டும் உண்மையான கேள்விகள் இவை. கைத்தாளில் இருந்தவை அப்படிப்பட்டவை இல்லை.

தசாவதாரம் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. நானும் புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் இருக்கிறவள்தான். மச்சாவதாரக் கதை என் ஆயா சொல்லக் கேட்டு வளர்ந்தேன், அதன் அழகு எனக்குப் போதும். விலங்கியல் பாடத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும் வேலையை அதன் தலையில் கட்டினால், நாளை விலங்கியல் ஒரு வரி திருத்தும்போதெல்லாம் பெருமாளும் திருத்தப்பட வேண்டிவரும்.

நான் இவ்வளவு கோபப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் காலத்தில் இந்தியர் பள்ளியில் பயாலஜி படித்தோம், பரிணாமம் என்ற அத்தியாயமே கிடையாது. அன்றைய ஆட்சி தன் மதக் கல்விக் கொள்கைக்கு ஒத்துவராததைப் பாடத்தில் அனுமதிக்கவில்லை. வேலையில் சேர்ந்த பிறகுதான் நான் தினமும் எண்ணிக்கொண்டிருந்த இரண்டாவது ஜோடிக்கு இப்படியொரு வரலாறு இருப்பதே எனக்குத் தெரிந்தது. 2008-இல்தான் கிரேடு 12 பாடத்தில் பரிணாமம் முதன்முதலாக வந்தது. அரசாங்கம் பூட்டி வைத்திருந்ததைத் திறந்துவிட்ட பிறகு, நாமே சனிக்கிழமை காலையில் மறுபடி பூட்டுவானேன்?

நான் கேட்பது இவைதான். அந்தக் கைத்தாளின் பின்பக்கத்தைத் திரும்பப் பெறுங்கள். குறள் பக்கம் அப்படியே இருக்கட்டும். வாங்கிய பிள்ளைகளிடம் அது தவறு என்று ஆசிரியரே சொல்லட்டும், ஏனென்றால் அதை நம்பித் தேர்வில் எழுதினால் மதிப்பெண் போவது அவர்களுக்கு. அறிவியல் பற்றி ஏதாவது அச்சிடும் முன் நம் சமூகத்திலேயே இருக்கும் லைஃப் சயன்ஸ் ஆசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள். எந்தத் தெருவிலும் ஒருவர் இருக்கிறார். சிட்டி ஹாலில் இருக்கும் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள்.

கைத்தாளின் காலிப் பக்கத்துக்கு வேறொன்று தமிழில் எழுதித் தர நான் தயார். மனிதன், சிம்பன்சி, யானை, ஆர்ட்வார்க் நான்கின் குரோமோசோம் படங்களையும் தாளில் பெரிதாக அச்சடித்துக் கத்தரிக்கோலோடு கொண்டுவருகிறேன். பிள்ளைகளே வெட்டி, வரி பார்த்து, ஜோடி சேர்க்கட்டும். மனிதனின் 2-ஆவதுக்குப் பக்கத்தில் சிம்பன்சியின் எந்த இரண்டை வைக்கவேண்டும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அதற்கு ஒரு வகுப்பு நேரம் போதும். ப்ரிலிம்ஸ் எனும் முன்தேர்வு செப்டம்பரில் தொடங்குகிறது, அதற்குமுன் எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற குரோமோசோம் பரிசோதகர் ஒருத்தி,
சாட்ஸ்வொர்த், டர்பன்